கால்குலேட்டரில் 7 மேலே, போனில் 1 மேலே: இரண்டு கீபேடுகளும் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஈரோட்டுக் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை கால்குலேட்டர் கையில் இருக்கும். இல்லாவிட்டால் கணினி விசைப்பலகையின் வலது ஓரத்து எண் விசைகளில் கை இருக்கும். கண் பில்லின் மேல்தான் இருக்குமே தவிர விரலைப் பார்ப்பதில்லை. நடுவிரல் 5-இன் மேல் அமர்ந்துவிட்டால் மற்ற எட்டும் எங்கே என்று கைக்குத் தெரியும்.

இதே கையோடு ஸ்வைப் மெஷினிலோ ஏ.டி.எம்.மிலோ பின் எண்ணை அழுத்தப் போனால்தான் தொல்லை. அங்கே 1-2-3 மேல் வரிசையில் இருக்கிறது, 7-8-9 கீழே போய்விடுகிறது. யாருடனாவது பேசியபடி அழுத்தினால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 7 விழுகிறது, 3 இருக்க வேண்டிய இடத்தில் 9 விழுகிறது. நடு வரிசை மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் 4, 5, 6 தப்பிக்கின்றன. இந்த இரண்டு வரிசைகளையும் யார், எதற்காக இப்படி எதிரெதிராக வைத்தார்கள்? இத்தனை ஆண்டுகளில் ஒன்றாக்கிவிடக் கூடாதா?

இதையொட்டி இன்னொன்றும் கேட்க வேண்டும். என் அப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. கண்ணில் நீரழுத்த நோயால் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். ஓய்வூதியத்தை ஏ.டி.எம்.மில் தாமே எடுத்துக்கொள்கிறார். என் தம்பி அவருக்கு டச் போன் வாங்கித் தருகிறேன் என்கிறான். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது அவன் வாதம். அப்பாவோ பட்டனை விட மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

பழைய எக்ஸ்சேஞ்ச்காரன்:

அம்மா, தொலைபேசித் துறையில் எக்ஸ்சேஞ்ச் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

கால்குலேட்டரின் வரிசைதான் மூத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கர் டோர் ஃபெல்ட் உருவாக்கிய காம்ப்டோமீட்டர் போன்ற கூட்டல் இயந்திரங்களில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என ஒவ்வோர் இடமதிப்புக்கும் ஒரு நெடுவரிசை விசைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடியில் 1, உச்சியில் 9. பெரிய எண் மேலே, சிறிய எண் கைக்கு அருகே என்ற பழக்கம் அப்போதே வந்துவிட்டது. 1910-களில் இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரின் சண்ட்ஸ்ட்ராண்ட் சகோதரர்கள் பத்தே விசைகளைக் கொண்டு ஓர் இயந்திரம் கொண்டுவந்தார்கள். அதில் மேலே 7-8-9, நடுவில் 4-5-6, அடுத்து 1-2-3, அடியில் 0. நீங்கள் இன்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் வரிசை அதுதான். கணக்கு எழுதும் தொழிலில் 0-வும் 1-உம் எத்தனை முறை வருகின்றன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவை இரண்டும் உள்ளங்கைக்கு அருகில் இருப்பது அந்தத் தொழிலுக்கு வசதியே.

தொலைபேசிக்கு வந்த கதை வேறு. சுழல் டயலுக்குப் பதிலாகப் பட்டன்களை வைக்கலாம் என்று அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம் 1950-களில் முடிவு செய்தபோது, எந்த வரிசையில் வைப்பது என்பதைப் பொறியாளர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. ஜான் கார்லின் என்ற உளவியலாளரின் தலைமையில் இயங்கிய குழு அதை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தது. ஐந்தைந்தாக இரண்டு வரிசை, பழைய டயலைப் போன்ற வட்டம், கால்குலேட்டர் வரிசை, அதற்குத் தலைகீழான வரிசை என்று பலவற்றைச் செய்து, சாதாரண மனிதர்களை எண்களை அழுத்தச் சொல்லி, ஆன நேரத்தையும் நேர்ந்த பிழைகளையும், எது பிடித்திருக்கிறது என்பதையும் பதிவு செய்தார்கள். ஆர். எல். டைனிங்கர் இதை 1960-இல் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் கட்டுரையாக வெளியிட்டார். நன்றாக அமைந்த வரிசைகளுக்கு இடையே வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதுதான் அதில் எனக்குச் சுவையானதாகப் பட்டது. ஆகவே 1-2-3 மேலே உள்ள வரிசை மற்றவற்றை முறியடித்து வென்றது என்று சொல்ல முடியாது. போதுமான அளவு நன்றாக இருந்தது, கருவிக்குள் அடக்கமாகப் பொருந்தியது, அதை எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு முன்பே, 1955-இல், லட்ஸ், சப்பானிஸ் என்ற இருவர் பத்து வெற்றுப் பொத்தான்களைக் காட்டி எந்த எண் எங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என மக்களைக் கேட்டிருந்தார்கள். புத்தகம் படிப்பதைப் போல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று வரும் என்றே பெரும்பாலோர் எதிர்பார்த்தனர். கால்குலேட்டரை என்றும் தொடாத வீட்டு மக்களுக்குத் தொலைபேசி செய்யும்போது அது பொருட்படுத்த வேண்டிய சேதிதான். 1968-இல் பிரிட்டனில் கான்ராட், ஹல் என்ற இருவர் பழக்கமில்லாதவர்களை வைத்து இரண்டு வரிசைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோதும் தொலைபேசி வரிசையில்தான் பிழை குறைவாக இருந்தது.

கணக்கர்கள் மிக வேகமாக அழுத்தினால் எக்ஸ்சேஞ்ச் தாங்காது, அவர்களை மெதுவாக்கவே வரிசையைத் திருப்பினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. எங்கள் அலுவலகத்திலேயே அதை அடித்துச் சொல்பவர்கள் இருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன ஆய்வுகள் காட்டும் காரணம் அதுவல்ல.

1963 நவம்பர் 18 அன்று பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் என்ற இரண்டு ஊர்களில் இந்தத் தொலைபேசி விற்பனைக்கு வந்தது. அப்போது பத்துப் பட்டன்கள்தான். நட்சத்திரக் குறியும் # குறியும் 1968-இல் சேர்ந்தவை. ஒரு பட்டனை அழுத்தினால் இரண்டு ஒலிகள் ஒன்றாக எழும்: வரிசைக்கு ஓர் அதிர்வெண், நெடுவரிசைக்கு ஓர் அதிர்வெண். நடுவில் இருக்கும் 5-ஐ அழுத்தினால் 770 ஹெர்ட்ஸும் 1336 ஹெர்ட்ஸும் கலந்து கேட்கும். 1-ஐ அழுத்தினால் 697-உம் 1209-உம். மறுமுனையில் உள்ள கருவி இந்த இரட்டையைக் கேட்டு எண்ணை அறிந்துகொள்கிறது. மனிதக் குரலிலோ சுற்றுச் சத்தத்திலோ தற்செயலாக இதே இரட்டை எழுந்து குழப்பிவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஒழுங்கில்லாத எண்களைப் பொறுக்கினார்கள்.

நம் நாட்டில் பட்டன் தொலைபேசி வீடுகளுக்கு வந்த காலத்தில் பல எக்ஸ்சேஞ்ச்களுக்கு இந்த ஒலி புரியாது. அவை எண்ணுக்கு ஏற்பத் தட்டல்களை எண்ணும் பழைய துடிப்பு முறையில் இயங்கியவை. அதனால் போனின் அடியிலோ பக்கவாட்டிலோ ‘பல்ஸ்’, ‘டோன்’ என்று மாற்றிக்கொள்ள ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். அதைப் பல்ஸில் வைத்து 0-வை அழுத்திவிட்டுக் காதில் வைத்தால், டயல் திரும்பி வருவதைப் போல ‘டக் டக்’ என்று பத்துத் தட்டல்கள் கேட்கும். முகம் மட்டும் பட்டன். உள்ளே பழைய டயல்தான்.

ஒன்றாக்கக் கூடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். தொலைபேசியின் வரிசை பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஈ.161 பரிந்துரையில் நிலைபெற்றுவிட்டது. ஏ.டி.எம்.மும் ஸ்வைப் மெஷினும் பொதுமக்களுக்கானவை என்பதால் அதையே எடுத்துக்கொண்டன. கணினி, கணக்காளரின் வரிசையை எடுத்துக்கொண்டது. எந்தப் பக்கத்தை மாற்றினாலும் பல கோடிக் கைகள் மறுபடி பழக வேண்டும். அந்தச் செலவை ஏற்க யாரும் முன்வர மாட்டார்கள்.

ரிமோட் மெக்கானிக்:

மதுரையில் டிவி ரிமோட், எலெக்ட்ரானிக் தராசு, கால்குலேட்டர் பழுது பார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறேன். ஐயா வரிசையைப் பற்றிச் சொல்லிவிட்டார். அந்த வரிசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன். வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை கீபேடைத் தொடுகிறோம் என்பது அவை பழுதாகி என் மேசைக்கு வரும்போதுதான் தெரிகிறது.

ரிமோட்டைப் பிரித்தால் பட்டன்கள் தனித்தனியாக உதிராது. ஒரே சிலிக்கான் ரப்பர் தாளில் எல்லாப் பட்டன்களும் புடைப்புகளாக இருக்கும். தாளைத் திருப்பினால் ஒவ்வொரு புடைப்பின் அடியிலும் ஒரு கறுப்புப் பொட்டு தெரியும். அது மின்சாரம் கடத்தும் கரி. அதற்கு நேர் கீழே, போர்டில், சீப்பின் பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து தொடாமல் நிற்பது போல இரண்டு தடங்கள் ஓடும். பட்டனை அழுத்தினால் கரி அந்தத் தடங்களை இணைக்கிறது, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் ஆகும்போது ரப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கையின் வியர்வையும் தடங்களின் மேல் படிந்து கரியைத் தொட விடாமல் செய்கின்றன. அதனால்தான் அதிகம் அழுத்தப்படும் ஒலிப் பட்டனும் சேனல் பட்டனும் முதலில் மக்கர் செய்கின்றன. வாடிக்கையாளர் பேட்டரியை உருட்டுவார், ரிமோட்டைத் தொடையில் தட்டுவார், பிறகு கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்துவார். அது எதுவும் தேவையில்லை. காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டுப் போர்டையும் கரிப் பொட்டுகளையும் மெல்லத் துடைத்துக் காயவிட்டு மூடினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். தின்னரும் பெட்ரோலும் வேண்டாம், கரியையே தின்றுவிடும்.

பன்னிரண்டு பட்டன்களுக்குப் பன்னிரண்டு கம்பிகள் இழுப்பதில்லை. நான்கு வரிசைக்கு நான்கு, மூன்று நெடுவரிசைக்கு மூன்று என்று ஏழே கம்பிகள். உள்ளே இருக்கும் சில்லு ஒவ்வொரு வரிசையாக ‘இங்கே யாராவது அழுத்தினார்களா’ என்று ஒரு வினாடியில் பலமுறை கேட்டுக்கொண்டே இருக்கும். ஐயா சொன்ன இரட்டை ஒலியும் இதே வரிசை, நெடுவரிசைக் கணக்குதான் என்பதைக் கவனியுங்கள். பட்டனை ஒருமுறை அழுத்தினாலும் தொடும் இடம் சில மில்லி வினாடிகளுக்குத் துள்ளித் துள்ளித்தான் நிலைகொள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காமல் சில்லு சற்றுப் பொறுத்துப் பார்க்கும். தேய்ந்த கால்குலேட்டரில் அந்தத் துள்ளல் நீண்டுபோகும். 1-ஐ ஒருமுறை அழுத்தினால் 11 என்று விழும். கணக்கு எழுதுபவர்கள் இதை முதலில் தங்கள் பிழை என்றுதான் நினைப்பார்கள். அம்மா, ஒரே எண் அடிக்கடி இரட்டித்தால் கால்குலேட்டரை மாற்றிவிடுங்கள்.

தராசுக் கடைகளின் கதை தனி. பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் ‘டேர்’ பட்டன் மட்டும் நாள் முழுவதும் அடி வாங்கும். காய்கறிக் கடையில் ஈரக் கை, மளிகைக் கடையில் மஞ்சள் தூளும் எண்ணெயும், மீன் கடையில் உப்பு நீர். மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தாளில் அந்தப் பட்டன் இருக்கும் இடம் மட்டும் கிழிந்து, உள்ளே இருக்கும் உலோகக் குமிழ் வெளியே தெரியும். விரலால் அழுத்தாமல் பேனா முனையாலோ நகத்தாலோ குத்துவதால்தான் பாதி கிழிகிறது. மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். உறை போட்டவர்கள் மறுபடி என் கடைப் பக்கம் வருவதில்லை, தொழிலுக்கு நட்டம்தான்.

ஏ.டி.எம். கீபேட் இந்த இனத்தில் சேராது. அதன் விசைகள் பெரும்பாலும் எஃகு. எண்ணை ரகசியக் குறியாக மாற்றும் வேலை கீபேடுக்குள்ளேயே நடந்துவிடும். நீங்கள் அழுத்திய நான்கு எண்களும் அப்படியே கம்பி வழியாக வெளியே போவதில்லை. யாராவது அதைப் பெயர்த்துத் திறக்க முயன்றால் உள்ளே இருக்கும் ரகசியச் சாவிகள் தாமே அழிந்துவிடும்படி செய்திருக்கிறார்கள். இன்னொன்று: போனில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் ஒலி, ஏ.டி.எம்.மில் எந்த எண்ணை அழுத்தினாலும் ஒரே ‘பீப்’. பின்னால் நிற்பவர் காதால் எண்ணைத் திருடக் கூடாது அல்லவா?

விரல்வழி:

வணக்கம். நான் பார்வையற்றவன், ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். முதல் கேள்வியின் பாதி விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பெரும்பாலான பட்டன் கீபேடுகளில் 5-இன் மேல் ஒரு புள்ளியோ சிறு கோடோ புடைத்திருக்கும். கால்குலேட்டரிலும் போனிலும் ஏ.டி.எம்.மிலும் 5 நடுவில்தான் இருக்கிறது என்பதால் அந்தப் புள்ளி எல்லாவற்றிலும் செல்லுபடியாகும். கணினி விசைப்பலகையில் எஃப், ஜே என்ற இரண்டு எழுத்துகளின் மேல் இருக்கும் கோடுகளும் இதே வேலைக்குத்தான். புள்ளியைக் கண்டுபிடித்தால் மேலே 2 இருக்கிறதா 8 இருக்கிறதா என்பது மட்டுமே நினைவில் இருக்க வேண்டியது. நீங்கள் சொல்லும் குழப்பம் எனக்கும் உண்டு; அலுவலகத்தில் கணினியின் எண் விசைகள், வெளியே ஏ.டி.எம். நான் பின் எண்ணை அழுத்தும் முன் இடது கையால் கீபேடின் மேல் ஓரத்தை ஒருமுறை தடவிவிடுவேன். அந்தத் தடவலிலேயே ‘இது போன் வகை’ என்று கைக்குச் சேதி போய்விடுகிறது. நீங்களும் முயன்று பாருங்கள். எண்ணை மறைக்கவும் அந்த இடது கை உதவும்.

ஏ.டி.எம்.மில் எண்களுக்கு அருகே இருக்கும் மூன்று விசைகளிலும் நிறத்தோடு குறியும் உண்டு. பச்சையில் வட்டம், அது உறுதி செய்ய. சிவப்பில் பெருக்கல் குறி, அது ரத்து செய்ய. மஞ்சளில் ஒரு நேர்கோடு, அது அழித்துவிட்டு மறுபடி அழுத்த. பார்வை மங்கிக்கொண்டிருக்கும் உங்கள் அப்பா இந்த மூன்றையும் இப்போதே விரலால் தடவிப் பழகிக்கொள்வது நல்லது. 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம்.கள் அனைத்தும் பேசும் வசதியும் பிரெய்ல் கீபேடும் கொண்டவையாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. காதொலிக் கருவியைச் செருகினால் திரையில் இருப்பதை அது வாசித்துச் சொல்லும். செருகும் துளையில் யாரோ சூயிங்கம்மை அடைத்துவைத்த இயந்திரங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அப்போது வேறு ஏ.டி.எம். தேட வேண்டியதுதான். நம் வாக்குப்பதிவு இயந்திரத்திலும் நீலப் பொத்தான்களின் பக்கத்தில் பிரெய்ல் எண்கள் இருப்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். யாரையும் உடன் அழைத்துச் செல்லாமல் நான் தனியாகவே வாக்களித்துவிட்டு வருகிறேன்.

டச் போன் பற்றி உங்கள் தம்பி சொல்வதில் தவறில்லை. எழுத்தைப் பெரிதாக்கலாம், திரையில் இருப்பதை உரக்க வாசித்துச் சொல்லும் திரை வாசிப்பானும் இருக்கிறது. நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் நான் அதைச் சிறு வயதில் கற்றேன். எழுபதைத் தாண்டியவர் ஒருவர், கை அறிந்த பட்டனை விட்டுவிட்டு, தொட்டால் எதிர்ப்பே காட்டாத வழுவழுப்பான கண்ணாடியில் புதிதாகத் தொடங்குவது எளிதல்ல. எரிவாயு சிலிண்டர் பதிவு செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தமிழுக்கு இந்த எண்ணை அழுத்தவும்’ என்று காதில் கேட்கும்போது, பட்டன் போனில் கேட்டபடியே கட்டைவிரலால் அழுத்திவிடலாம். டச் போன் காதருகே போனால் திரை அணைந்துவிடும். காதிலிருந்து எடுத்து, திரை எரியக் காத்திருந்து, கீபேட் படத்தைத் தட்டி வரவழைத்து, எண்ணைத் தேடி அழுத்துவதற்குள் அந்தக் குரல் ‘நீங்கள் எதையும் அழுத்தவில்லை’ என்று கடிந்துகொள்ளும்.

பணம் அனுப்பவும் பட்டன் போன் போதும். *99# என்று அழுத்தி வங்கிச் சேவையைப் பெறலாம். அதற்கு இணையம் வேண்டாம். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய யு.பி.ஐ. 123பே பட்டன் போன்களுக்காகவே வந்தது. ஓர் எண்ணை அழைத்து, குரலைக் கேட்டு, விசைகளை அழுத்திப் பணம் செலுத்தலாம். அழுத்தும் எண்ணை வாய்விட்டுச் சொல்லும் பட்டன் போன்களும் கடைகளில் கிடைக்கின்றன. உங்கள் அப்பாவுக்கு ஏதாவது வாங்கித் தருவதானால் அப்படி ஒன்றை வாங்கித் தரச் சொல்லுங்கள்.

எனக்கு உள்ள மனக்குறை புதிய ஸ்வைப் மெஷின்களைப் பற்றியது. சிலவற்றில் பட்டனே இல்லை, முழுதும் தொடுதிரை. ஒரு கடையில் அதை என்னிடம் நீட்டினார்கள். 5-இன் புள்ளி இல்லை, ஓரம் எது நடு எது என்று தெரியவில்லை. ‘நம்பரைச் சொல்லுங்க சார், நானே போட்டுடறேன்’ என்றார் கடைப் பையன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் பின் எண்ணைப் பத்துப் பேர் முன் உரக்கச் சொல்வதற்கு நான் எதற்கு வங்கியில் வேலை பார்க்கிறேன்? பணத்தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆஸ்திரேலியாவில் காமன்வெல்த் வங்கி கொண்டுவந்த ‘ஆல்பர்ட்’ என்ற தொடுதிரைக் கருவிக்கு எதிராக இதே காரணத்துக்காகப் பார்வையற்றவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2019-இல் அது சமரசத்தில் முடிந்தது.

நாலாம் மாடி:

எல்லோரும் பட்டனின் பெருமையைப் பேசுவதால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பின் வாயிலில் நான்கு எண் அழுத்தித் திறக்கும் பூட்டு இருந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் நான்கு பட்டன்களின் எண் அச்சு மட்டும் தேய்ந்து பளபளத்தது. மற்றவை புதிது போலவே இருந்தன. நான்கு இலக்க எண்ணில் 10,000 வாய்ப்புகள் என்று நிம்மதியாக இருந்தோம். எந்த நான்கு எண்கள் என்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் 24 வாய்ப்புகள். கூரியர் கொண்டுவரும் இளைஞர் நின்ற இடத்திலேயே ஒவ்வொன்றாக முயன்று திறந்துவிடலாம். ஓர் எண் இரண்டு முறை வருமாறு மூன்றே எண்களால் அமைத்தால் 36 வாய்ப்புகள் என்று கணக்குத் தெரிந்த ஒருவர் குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னார். அதில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

தேய்மானம் மட்டுமல்ல, வெப்பமும் காட்டிக்கொடுக்கும். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, விரல் விட்டுச்சென்ற சூட்டை வெப்பக் கேமரா வழியாகப் பார்த்து எந்த விசைகள் அழுத்தப்பட்டன என்று கண்டுபிடிக்கலாம் எனக் காட்டியது. ஆகவே, ஒவ்வொரு முறையும் எண்களை இடம் மாற்றிக் கலைத்துக் காட்டும் தொடுதிரைதான் பாதுகாப்பானது என்பது என் கருத்து. சில வங்கிகளின் இணையதளங்களில் அப்படி வருவதைப் பார்த்திருப்பீர்கள். எண் எங்கே இருக்கும் என்று கைக்கே தெரியாதபோது திருடனுக்கு எப்படித் தெரியும்? கணக்கர் அம்மாவின் சிக்கலும் அதில் வராது. பார்த்துத்தானே அழுத்தியாக வேண்டும்?

விரல்வழி:

நண்பருக்கு: பார்த்துத்தான் அழுத்த வேண்டும் என்று அமைத்தால் என்னைப் போன்றவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவோம். திரை வாசிப்பான் ஒவ்வோர் எண்ணாக உரக்க வாசித்தால் திருடனுக்கு அதைவிட என்ன வேண்டும்? கலைத்துக் காட்டுவதை விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்று விலக்கிக்கொள்ள வழி இருக்க வேண்டும்.

நீங்கள் சொன்ன வெப்ப ஆய்வின் மறுபாதியையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் விசைகளில்தான் அந்தத் திருட்டு நடந்தது; உலோக விசைகள் சூட்டை உடனே கடத்திவிடுவதால் அங்கே அது பலிக்கவில்லை. மெக்கானிக் நண்பர் சொன்ன எஃகு விசைகளுக்கு அந்த நன்மையும் இருக்கிறது. தேய்மானத்துக்கும் வழி உண்டு: வாயில் பூட்டின் எண்ணை அவ்வப்போது, வேறு எண்களைக் கொண்டு மாற்றினால் எல்லாப் பட்டன்களும் ஒன்றுபோலத் தேயும். உங்கள் சங்கம் ஓராண்டு முழுவதும் ஒரே எண்ணை வைத்திருந்ததற்குப் பட்டன் என்ன செய்யும்?

நாலாம் மாடி:

ஓராண்டு அல்ல, அதற்கும் மேலே. விலக்கிக்கொள்ளும் வழி வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சங்கத்தில் எண்ணை மாற்றலாம் என்று சொல்லிப் பாருங்கள், வீட்டு வேலைக்கு வருபவர், பால்காரர், பேப்பர் போடுபவர் என்று யார் யாருக்குச் சொல்வது என்றே ஒரு மாதம் விவாதிப்பார்கள். இப்போது அட்டை காட்டித் திறக்கும் பூட்டுக்கு மாறிவிட்டோம்.

ஈரோட்டுக் கணக்கர்:

அனைவருக்கும் மிக்க நன்றி. இடது கையால் ஓரத்தைத் தடவும் முறையை இன்று ஏ.டி.எம்.மில் செய்து பார்த்தேன். நன்றாகவே வேலை செய்கிறது. தம்பியிடம் எண்ணை வாய்விட்டுச் சொல்லும் பட்டன் போனைப் பற்றிச் சொன்னேன். விலையைக் கேட்டதும் அவனுக்கும் சம்மதம்.

அப்பாவின் இப்போதைய போனைக் கையில் வாங்கிப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். பல ஆண்டுகள் அழுத்தியதில் 5-இன் மேல் இருந்த புள்ளி ஏறத்தாழ மறைந்துவிட்டது. புதிய போன் வந்தாலும் பழையதை வயலுக்கு எடுத்துப்போக வைத்துக்கொள்வேன் என்கிறார். அந்தப் புள்ளியை மட்டும் மறுபடி உண்டாக்க முடியுமா?

ரிமோட் மெக்கானிக்:

முடியும் அம்மா. போனின் மாடலைச் சொல்லிக் கேட்டால் மேலே இருக்கும் கீபேட் தாள் மட்டும் தனியாகக் கிடைக்கும். பெரிய விலை இல்லை, மாற்றுவதும் எளிது. அந்த மாடல் நின்றுபோயிருந்தால், நகப்பூச்சைத் தீக்குச்சி முனையில் தொட்டு 5-இன் நடுவில் ஒரே ஒரு சொட்டு வையுங்கள். ஓர் இரவு காயட்டும்; புடைப்பு போதவில்லை என்றால் மறுநாள் அதன் மேல் இன்னொரு சொட்டு. அவசரப்பட்டு உடனடிப் பசையை மட்டும் ஊற்றிவிட வேண்டாம். அது பட்டனின் ஓரமாக உள்ளே ஓடி இறுகிவிடும். பிறகு 5-ஐ அழுத்தவே முடியாது. முன்பே ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொட்டு உரிந்து வந்துவிடும்.